காலம் ஒரு வட்டம் என்று சொன்னது குள்ளன்

ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயின் மீசைப் படத்துக்குக் கீழே "காலம் ஒரு வட்டம்" என்று எழுதி, பின்னணியில் சோகமான பியானோவைப் போட்டு ரீல்ஸில் சுற்றவிடுகிறார்கள். நித்திய மீள்நிகழ்வு என்ற அவருடைய எண்ணத்தைத்தான் இப்படிச் சுருக்குகிறார்கள். பார்ப்பவர்களில் பாதிப்பேர், இது மறுபிறவிதானே, நம் புராணத்தில் இல்லாததா என்கிறார்கள். இன்னும் சிலருக்கு ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் டைம் லூப் படங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. மூன்றாவதாக ஒரு கூட்டம், அணுக்கள் எண்ணிக்கையில் அடங்கும், காலத்துக்கு முடிவில்லை, அதனால் எல்லாம் திரும்ப வந்தே ஆக வேண்டும், அறிவியலே நிரூபித்துவிட்டது என்று முடித்துவிடுகிறது. மூன்றுமே சரியில்லை.

வேடிக்கை என்னவென்றால், நீட்சே அந்த வரியைத் தன் நாயகன் ஜரதுஷ்ட்ராவுக்குக் கொடுக்கவே இல்லை. ஜரதுஷ்ட்ராவைப் பற்றிய அவருடைய நூலின் மூன்றாம் பாகத்தில், ஜரதுஷ்ட்ராவின் தோளில் ஏறி உட்கார்ந்து ஈயம்போல் கனக்கும் ஒரு குள்ளன்தான் காலமே ஒரு வட்டம் என்று அலட்சியமாக முணுமுணுக்கிறான். கேட்டதும் ஜரதுஷ்ட்ராவுக்குக் கோபம் வருகிறது. இதை இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ளாதே என்று அதட்டுகிறான்.

அப்படி எதை லேசாக எடுத்துக்கொண்டான் அந்தக் குள்ளன்? எல்லாம் திரும்ப வரும் என்பது கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் திரும்ப வருவது எவ்வளவு தூரம் 'அதே'? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் குழப்பத்தில் பெரும்பகுதி விலகிவிடும்.

## மூன்று விதமான 'மறுபடியும்'

மறுபடி வருகிறது என்று தினமும் சொல்கிறோம், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே பொருளில் சொல்வதில்லை.

1. பெயரும் வடிவமும் திரும்புவது. பிரபவ ஆண்டு 1987 ஏப்ரலில் பிறந்தது, அடுத்த பிரபவ 2047இல் வரும். வரப்போவது பெயர்தான், 1987 வராது. அறுபதாம் கல்யாணத்துக்கு மனையில் உட்காருகிறவர் தான் பிறந்த ஆண்டின் பெயருக்குத் திரும்பியிருக்கிறாரே தவிர தொட்டிலுக்குத் திரும்பவில்லை. பருவமழை, அமாவாசை, தேர்தல் எல்லாம் இந்த வகை.

2. ஆள் அதே, வாழ்க்கை வேறு. மறுபிறவி இதுதான். உயிர் ஒன்று, உடல் மாறுகிறது, வினைக்கணக்கு மட்டும் தொடர்கிறது. போன பிறவியில் செய்தது இந்தப் பிறவியில் வந்து நிற்கும் என்றால் இரண்டுக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் இருக்கிறது, ஏறவும் வழியுண்டு, சறுக்கவும் வழியுண்டு. டைம் லூப் படங்களையும் இங்கே பக்கத்தில்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் ஊரே அதே நாளைத் திரும்ப வாழ்ந்தாலும் நாயகனுக்கு மட்டும் முந்தைய சுற்று நினைவிருக்கும், அது இல்லாவிட்டால் கதையே நகராது.

3. எல்லாமே, அச்சு அசலாக, அதே. நீங்கள் இந்த வரியைப் படிப்பது, பக்கத்தில் காபி ஆறிப்போவது, தெருவில் ஒரு பைக் அலறிக்கொண்டு போவது, அது கிளப்பும் எரிச்சல், எல்லாம் அதே வரிசையில். கூடுதலாக ஒன்றும் இல்லை, குறைவாகவும் இல்லை. 'அட, இது முன்பே நடந்ததாச்சே' என்ற ஞாபகத்துக்கும் இடமில்லை. அந்த ஞாபகம் புதிது, புதிதாக ஒன்று நுழைந்துவிட்டால் அப்புறம் அது அதே சுற்று இல்லை.

நித்திய மீள்நிகழ்வு என்று தத்துவத்தில் சொல்வது இந்த மூன்றாவதை மட்டும். இதை நெருங்கி வந்த பலரும் கடைசி அடியில் 'அதே' என்பதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்கள் என்பதுதான் இதன் வரலாற்றில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது.

## குச்சி, மச்சம், பேனா

ஐரோப்பாவில் இந்த எண்ணத்துக்குக் கிரேக்கர்களே மூலவர்கள். அரிஸ்டாட்டிலின் மாணவர் யூடெமஸ் பாடம் நடத்தும்போது பித்தாகரஸ் வழியினரின் நம்பிக்கையைக் குறிப்பிடுகிறார்: அவர்கள் சொல்வது உண்மையானால், இதே குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, இதேபோல் உட்கார்ந்திருக்கும் உங்களிடம் நான் மறுபடியும் பேசிக்கொண்டிருப்பேன். அந்த வகுப்பின் குச்சி இரண்டாயிரத்து முந்நூறு வருஷம் தாண்டி நம்மிடம் வந்துவிட்டது. அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார், எல்லாமே அதே என்றால் காலமும் அதே காலமாகத்தானே இருக்க வேண்டும் என்று. இந்த ஒரு வரியில் பெரிய வெடி இருக்கிறது, கடைசியில் அதற்கு வருகிறேன்.

இதை முழுக் கோட்பாடாகக் கட்டியவர்கள் ஸ்டோயிக்குகள் என்ற கிரேக்கத் தத்துவப் பள்ளியினர். ஜீனோவும் அவருக்குப் பின் கிரிசிப்பஸும் சொன்னபடி, உலகம் ஒரு கட்டத்தில் முழுக்க நெருப்பாகி எரிந்து அடங்கும், அந்த நெருப்பிலிருந்து மறுபடி உருவாகும். உருவாவது ஏன் அதே உலகமாக இருக்க வேண்டும்? அவர்களைப் பொறுத்தவரை உலகத்தை நடத்துவது அறிவுள்ள ஒரு தெய்வ ஒழுங்கு. அந்த ஒழுங்கு முதல் தடவையே ஆகச் சிறந்த ஏற்பாட்டைத்தான் செய்திருக்கும், அதைவிடச் சிறந்தது இல்லாதபோது இரண்டாம் தடவை வேறு மாதிரி செய்ய என்ன காரணம்? ஆகவே சாக்ரடீஸ் மறுபடி பிறப்பார், அதே நண்பர்கள், அதே ஏதென்ஸ், அதே வழக்கு, அதே விஷக் கோப்பை.

தர்க்கம் கச்சிதமாக இருக்கிறது, ஆனால் அவர்களுக்குள்ளேயே சிலருக்கு இது தொண்டையில் சிக்கியது. ஒரு சிறு தளர்வு கொடுத்துப் பார்த்தார்கள்: முகத்தில் ஒரு மச்சம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அதனால் ஆள் மாறிவிடாது. சிரிப்பாக இருந்தாலும் இது முக்கியமான இடம். ஒரு மச்சத்துக்கு வழிவிட்டால் ஒரு தழும்புக்கும் விட வேண்டியிருக்கும், தழும்பு இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு விபத்து, விபத்துக்குப் பின்னால் வேறொரு வாழ்க்கை.

கிறிஸ்தவம் இதை உள்ளே விடவே இல்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்டின் தன் 'கடவுளின் நகரம்' நூலில் இதை எடுத்து வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார். பிளேட்டோ அதே மாணவர்களுக்கு அதே பள்ளியில் எண்ணற்ற தடவை பாடம் நடத்துவாராம், நம்மால் முடியாது, கிறிஸ்து நம் பாவங்களுக்காக இறந்தது ஒரே ஒரு தடவைதான் என்கிறார். ஒரு தடவை என்பதில்தான் அந்த மதத்தின் முழுக் கனமும் இருக்கிறது. அதற்குப் பிறகு ஐரோப்பாவில் காலத்துக்கு ஒரு தொடக்கம், ஒரு நடு, ஒரு தீர்ப்பு நாள் என்று நேர்கோடே வழக்கமாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை மீண்டும் தூக்கியவர்களில் எனக்குப் பிடித்தவர் பிரெஞ்சுப் புரட்சிக்காரர் பிளாங்கி. வாழ்நாளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தவர். 1871இல் கடல் நடுவே பாறைமேல் கட்டிய ஒரு கோட்டையில் அடைத்து வைத்தபோது நட்சத்திரங்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார், 1872இல் வெளிவந்தது. காலத்துக்குப் பதில் வெளியை எடுத்துக்கொண்டார்: வெளி எல்லையற்றது, தனிமங்கள் சிலவே, அப்படியானால் இந்த பூமிக்கு நகல்கள் எண்ணற்றவை இருந்தே தீரும். இந்த நிமிஷம் இந்தச் சிறையில் நான் எழுதுவதை எத்தனையோ பூமிகளில் இதே மேஜையில், இதே பேனாவால், இதே உடையோடு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்கிறார். ஆனால் அவரும் தளர்த்துகிறார். சில பூமிகளில் நீங்கள் எடுக்காத முடிவை எடுத்த நீங்கள் இருப்பீர்களாம். தோற்ற புரட்சிக்காரருக்கு அந்த ஆறுதல் தேவைப்பட்டிருக்கும்.

## நம் ஊர்க் கணக்கில் எண் உண்டு

சரி, யுகச் சுழற்சிக்கு வருவோம். கலியுகம் 4,32,000 ஆண்டு. நான்கு யுகமும் சேர்ந்தால் 43,20,000. அது ஆயிரம் தடவை சுற்றினால் 432 கோடி, அது பிரம்மாவின் ஒரு பகல், ஒரு கல்பம். (பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு என்பதைப் பக்கத்தில் வைத்து, பார்த்தீர்களா என்று ஃபார்வர்டு அனுப்புவார்கள். இரண்டு பெரிய எண்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்ததைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.)

சுழற்சி இருக்கிறது என்பது உண்மை. ஆனால் வீட்டில் ஒரு பூஜைக்குப் புரோகிதர் சங்கல்பம் சொல்வதைக் கவனித்துப் பாருங்கள்: சுவேத வராக கல்பத்தில், வைவஸ்வத மன்வந்தரத்தில், இருபத்தெட்டாவது கலியுகத்தில் என்று காலத்துக்குக் கதவு எண்ணோடு முகவரி சொல்வார். இருபத்தெட்டாவது என்று எண்ண முடிகிறது என்றாலே அது இருபத்தேழாவதிலிருந்து வேறு. எண் போட முடிந்த சுற்றுகள் அச்சு அசல் நகல்களாக இருக்க முடியாது, ஏதோ ஒன்று வரிசையைக் காப்பாற்றுகிறது.

ஞானவாசிட்டத்தில் வரும் புசுண்டன் என்ற காகத்தை இதற்குச் சாட்சியாகவே அழைக்கலாம். பிரளயங்களைத் தாண்டி உயிரோடிருக்கும் அந்தக் காகம் வசிட்டரிடமே, உனக்கு இது எட்டாவது பிறப்பு என்கிறது. சில படைப்புகளில் எல்லாம் முன்போலவே நடந்தது, சிலவற்றில் பாதி அப்படி, சிலவற்றில் முழுக்க வேறு என்றும் சொல்கிறது. ஆக நம் பக்கத்தில் சுற்றுகளை மேலேயிருந்து பார்த்து எண்ணிக்கொண்டிருக்க ஒரு காகமாவது உண்டு. நீட்சேயின் உலகில் புசுண்டன் கிடையாது.

அச்சு அசலுக்கு இங்கே மிக நெருங்கி வந்தவர்கள், எல்லாம் விதிப்படியே என்று நம்பிய பழைய சமயத்தாரான ஆசீவகர்களாக இருக்கலாம். மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரில் பேசும் சமயவாதிகளில் ஆசீவகனும் ஒருவன். அந்தச் சமயத்தின் மற்கலி கோசாலர் சொன்னதாகப் பௌத்த நூலில் ஒரு உவமை வருகிறது: உருட்டிவிட்ட நூலுருண்டை நூல் உள்ளவரை அவிழ்ந்துகொண்டே போவதுபோல, அறிவாளியும் மூடனும் 84 லட்சம் மகாகல்பம் அலைந்துதான் துன்பத்தை முடிப்பார்கள், நடுவில் யாராலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆனால் நூல் தீர்ந்துவிடுகிறது, கவனியுங்கள். அது வட்டம் இல்லை.

சுழற்சியை நம்பிய நம் மரபுகள் பெரும்பாலும் அதிலிருந்து வெளியேறுவதையே குறியாக வைத்தன என்பது இதைவிடப் பெரிய வித்தியாசம். புல்லாகி, பூடாகி, புழுவாகி, மரமாகி என்று அடுக்கிக்கொண்டே போகும் மாணிக்கவாசகர் "எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன்" என்று முடிக்கிறார். இளைத்தேன் என்பதுதான் அங்கே சொல். சுற்றிச் சுற்றிக் களைத்தவனின் குரல், போதும் என்கிற குரல். நீட்சே அதே இடத்துக்கு வந்து நேர்எதிர்த் திசையில் நடக்கிறார்.

## ஸில்ஸ் மரியாவில் ஒரு பாறை

1881 ஆகஸ்ட். சுவிட்சர்லாந்தின் எங்காடின் பள்ளத்தாக்கில் ஸில்ஸ் மரியா என்ற கிராமத்தில் நீட்சே தங்கியிருக்கிறார். சில்வாப்லானா ஏரிக்கரைக் காட்டில் நடந்துகொண்டிருந்தபோது, கோபுரம்போல் கூம்பிய ஒரு பெரும் பாறைக்குப் பக்கத்தில் இந்த எண்ணம் வந்ததாகவும், மனிதனுக்கும் காலத்துக்கும் 6000 அடி அப்பால் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டதாகவும் அவரே பிற்பாடு எழுதுகிறார். அந்தக் கிராமம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1800 மீட்டர், அதாவது ஏறக்குறைய 6000 அடி உயரத்தில்தான் இருக்கிறது, ஆகவே பாதி கவிதை, பாதி நில அளவை.

அப்போது அவருக்கு வயது 36. இரண்டு வருஷம் முன்பு, 1879இல், உடம்பு தாங்காமல் பாஸல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வேலையை விட்டிருந்தார். நாள்கணக்கில் நீடிக்கும் தலைவலி, வாந்தி, மங்கிக்கொண்டே போகும் கண். இந்த வாழ்க்கையை அப்படியே மறுபடி வாழச் சம்மதமா என்று கேட்ட ஆள் சாய்வு நாற்காலியில் சுகமாக உட்கார்ந்து கேட்கவில்லை.

1882இல் வந்த நூலில், 341ஆம் பத்தியில், இதை அவர் முதலில் வெளியிடுகிறார். தனிமையிலும் தனிமையான ஒரு நேரத்தில் ஒரு பேய் மெதுவாக வந்து காதில் சொல்கிறது: இந்த வாழ்க்கையை நீ இன்னொரு தடவை, எண்ணற்ற தடவை, வாழ வேண்டியிருக்கும், அதில் புதிதாக ஒன்றும் இருக்காது, ஒவ்வொரு வலியும் ஒவ்வொரு சுகமும் அதே வரிசையில் வரும், அந்த மரங்களுக்கிடையில் தெரியும் நிலவும் இந்தச் சிலந்தியும்கூட. கேட்டதும் பல்லைக் கடித்துப் பேயைச் சபிப்பாயா, இல்லை இதைவிடத் தெய்வீகமானதைக் கேட்டதே இல்லை என்பாயா?

முழுப் பத்தியும் 'ஒரு பேய் வந்து சொன்னால்' என்ற நிபந்தனையில்தான் நிற்கிறது. இதுதான் உலகத்தின் அமைப்பு என்று அங்கே எந்தப் பிரகடனமும் இல்லை.

## நிரூபணம் எங்கே உடைகிறது

ஆனால் குறிப்பேடுகளில் அவர் நிரூபணத்துக்கு முயன்றது உண்மை. ஆற்றல் அளவுக்குட்பட்டது, காலம் எல்லையற்றது, ஆகவே எல்லாச் சேர்க்கைகளும் தீர்ந்து மறுபடி வர வேண்டும். இதை அவர் அச்சில் வாதமாக முன்வைக்கவில்லை. 1901இலும், விரிவாக 1906இலும், தங்கை எலிசபெத்தின் மேற்பார்வையில் அவருடைய குறிப்புகளைத் தொகுத்து வெளியிட்டபோதுதான் உலகம் பரவலாகப் பார்த்தது.

இதைச் சீட்டுக்கட்டை வைத்துப் புரிந்துகொள்ளலாம். 52 சீட்டைக் குலுக்கினால் வரக்கூடிய வரிசைகள் 68 இலக்க எண். பிரபஞ்சம் தொடங்கி 1380 கோடி ஆண்டு ஆகிறது, அதை நொடிகளாக்கினால் வெறும் 18 இலக்கம். நொடிக்கு ஒரு குலுக்கல் என்று ஆரம்பத்திலிருந்து குலுக்கிக்கொண்டிருந்தாலும் கணக்கில் ஒரு துளிகூடக் குறைந்திருக்காது. இருந்தாலும் எண் பெரிதே தவிர முடிவற்றது இல்லை, காலம் முடிவற்றது என்றால் இன்று வந்த வரிசை என்றாவது திரும்ப வரும். சீட்டுக்கட்டுக்கு இது சரி. உலகத்துக்கும் சரியாக இருக்க மூன்று நிபந்தனை வேண்டும்:

1. நிலைகள் எண்ணக்கூடியவையாக, சீட்டுபோலத் தனித்தனியாக இருக்க வேண்டும்.
2. காலத்துக்கு உண்மையிலேயே முடிவு இருக்கக் கூடாது.
3. ஆட்டம் மேஜைக்குள்ளேயே நடக்க வேண்டும், சீட்டுகள் பறந்து போய்விடக் கூடாது.

முதல் நிபந்தனையை 1907இல் ஜெர்மன் தத்துவவாதி கியோர்க் ஸிம்மல் மூன்று சக்கரங்களை வைத்து உடைத்தார். ஒரே அச்சில் மூன்று சக்கரம், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, மூன்று புள்ளிக்கும் மேலே நேராக ஒரு நூல். முதல் சக்கரம் ஒரு வேகத்தில் சுற்றுகிறது, இரண்டாவது அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்றாவது முதல் சக்கர வேகத்தைப் 'பை'யால் வகுத்த வேகத்தில். எத்தனை யுகம் சுற்றினாலும் மூன்று புள்ளியும் மறுபடி நூலுக்கு நேரே வந்து நிற்காது, ஏனெனில் எந்த முழு எண்ணையும் பையால் வகுத்தால் முழு எண் வராது. மூன்றே மூன்று பொருள், முடிவற்ற காலம், ஆனாலும் தொடக்க நிலை திரும்புவதில்லை.

எனக்கு இந்தச் சக்கரங்களில் பிடித்த இடம் வேறு. பள்ளியில் பைக்கு 22/7 என்று படித்தோமே, அது இங்கே கண்ணால் தெரிகிறது. முதல் சக்கரம் 22 சுற்று முடிக்கும்போது மூன்றாவது 7.0028 சுற்று சுற்றியிருக்கும். கிட்டத்தட்ட நேராகிவிட்டது! 355 சுற்றில் மூன்றாவது 113.00001 சுற்றில் நிற்கும், இன்னும் கிட்டே. காத்திருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கும். தொடவே தொடாது.

## 'கிட்டத்தட்ட' என்பதும் 'அதே' என்பதும்

அறிவியல் நிரூபித்துவிட்டது என்கிறவர்கள் பெரும்பாலும் கையில் வைத்திருப்பது பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாயின்காரேயின் தேற்றத்தை. 1890இல் வெளிவந்தது. ஸ்வீடன் மன்னர் இரண்டாம் ஆஸ்கர் வைத்த போட்டியில் பரிசு வாங்கிய கட்டுரை, அச்சான பிறகு அதில் பெரிய தப்பு இருப்பது தெரிந்து, பரிசுப் பணத்தைவிட அதிகம் கைக்காசு போட்டுப் பாயின்காரே மறு அச்சடிக்க வேண்டியதாயிற்று. திருத்திய வடிவத்தில் வந்ததுதான் இந்தத் தேற்றம். அடைபட்ட, ஆற்றல் வெளியேறாத ஒரு அமைப்பு போதுமான காலம் கழித்துத் தன் தொடக்க நிலைக்கு நாம் கேட்கிற அளவு நெருக்கமாக வந்து சேரும் என்கிறது. கவனியுங்கள், அங்கேயும் நெருக்கமாக என்றுதான் இருக்கிறது. ஸிம்மலின் சக்கரம் இதை மீறவில்லை, இதற்கு உதாரணமாகவே நிற்கிறது.

1896இல் ஜெர்மலோ என்ற இளைஞர் இதைக் காட்டி இயற்பியலாளர் போல்ட்ஸ்மனை மடக்கினார். எல்லாம் திரும்பி வரும் என்றால், வெப்பம் சூட்டிலிருந்து குளிருக்கே போகும், கலைந்தது தானாக ஒழுங்காகாது என்கிற விதியை அணுக்களின் ஓட்டத்தை வைத்து எப்படி விளக்குவீர்கள்? போல்ட்ஸ்மன் மறுக்கவில்லை, கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கன சென்டிமீட்டர் வாயு தன் பழைய நிலைக்குப் பக்கத்தில் வர ஆகும் வருஷங்களை எழுதினால், அந்த எண்ணின் இலக்கங்களே கோடானுகோடி. திரும்பும், ஆனால் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். அதுவும் வாயு பெட்டிக்குள் இருந்தால்தான்.

பெட்டி என்பதுதான் மூன்றாவது நிபந்தனை, இன்றைய வானியலில் அதுவே ஆட்டம் காண்கிறது. பிரபஞ்சம் விரிகிறது என்பது 1929 முதல் தெரியும், விரிவு வேகமெடுக்கிறது என்பது 1998இல் தெரிந்தது. மேஜை விரிந்துகொண்டே போனால் சீட்டுகள் மறுபடி ஒன்றுசேர வழி எங்கே? விரிந்து சுருங்கி மறுபடி விரியும் பிரபஞ்ச மாதிரிகளும் உண்டுதான். 1930களிலேயே டோல்மன் என்ற இயற்பியலாளர் அவற்றை ஆராய்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒழுங்கின்மை கூடுவதால் அடுத்த சுற்று முந்தையதைவிட நீளும் என்று காட்டினார். இயற்பியலாளர் பென்ரோஸ் சொல்வது இன்னொரு விதம், ஒரு யுகத்தின் வெறிச்சோடிய எதிர்காலமே அடுத்ததன் பெருவெடிப்பாகும் என்கிறார். சக வானியலாளர்களில் பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை. ஏற்றாலும் அது நீங்களும் நானும் அச்சு அசலாகத் திரும்பும் சுற்று இல்லை, இருபத்தெட்டாவது கலியுகத்துக்குத்தான் பக்கம்.

## முழுக்க அதே என்றால் எத்தனை தடவை?

இப்போது யூடெமஸின் குச்சிக்கு. எல்லாமே அதே என்றால் காலமும் அதே.

நீட்சேக்கு முந்தைய ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் இதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்: இரண்டு பொருள்களுக்கிடையில் எந்த வித்தியாசமும் இல்லையென்றால் அவை இரண்டு இல்லை, ஒன்று. ஒரே மாதிரி இரண்டு இலை இருக்கும் என்று பந்தயம் போல் சொன்ன ஒருவர் ஹெரன்ஹௌஸன் தோட்டம் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை என்று அவர் ஒரு சம்பவம் சொல்வார். இலைகளாவது வேறு வேறு கிளையில் இருக்கும். மீள்நிகழ்வின் சுற்றுகளுக்குக் கிளையும் இல்லை. இது ஐந்தாவது, இது ஐந்நூறாவது என்று குறித்துவைக்க வெளியே ஒரு கடிகாரம் வேண்டும், அந்தக் கடிகாரமும் சுற்றுக்குள்ளேதான் இருக்கிறது, அதுவும் பழைய மணிக்கே திரும்பிவிடும்.

விளைவு விசித்திரமானது. அச்சு அசலாக எண்ணற்ற தடவை நடப்பதற்கும் ஒரே தடவை நடப்பதற்கும் உள்ளேயிருந்து பார்த்தால் வித்தியாசமே இல்லை. பல்வலி கோடி தடவை வந்தாலும் கூட்டுத்தொகையாக வந்து சேராது, ஒவ்வொரு தடவையும் அது முதல் தடவை. ஒரு தகவலாக எடுத்துக்கொண்டால் இதனால் நம் வாழ்க்கையில் எதுவும் மாறுவதில்லை.

அப்புறம் ஏன் அந்தப் பேய் பயமுறுத்துகிறது? தகவலாகச் செய்யாததைக் கேள்வியாகச் செய்கிறது, 'அடுத்து' என்பதைப் பிடுங்கிவிடுகிறது. சொர்க்கம், அடுத்த பிறவி, பிள்ளைகள் செட்டிலான பிறகு, ரிட்டயர் ஆன பிறகு என்று எதையெல்லாம் காட்டி இப்போதிருப்பதைப் பொறுத்துப்போகிறோமோ அதையெல்லாம் அது மதிப்பதில்லை. மறுபிறவியில் அடுத்தது உண்டு, திருத்திக்கொள்ள வாய்ப்பு உண்டு. மீள்நிகழ்வில் திரும்பத் திரும்ப வருவது இதுதான், அடுத்தது என்று எதுவும் இல்லை. ஆகவே இரண்டையும் ஒன்றென்பது ஏதோ சின்னக் குழப்பம் இல்லை, ஒன்று மற்றதற்கு நேர் எதிர்.

தளர்த்தினால் இது நடக்காது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு மச்சம் மாறலாம் என்றால், சரி, போன தடவை செய்த தப்பும் மாறலாமே என்று மனசு உடனே அடுத்ததைக் கொண்டுவந்து விடும். நீட்சே 'அதே' என்பதில் இம்மியும் விட்டுக்கொடுக்காததற்கு இயற்பியல் காரணம் இல்லை, அந்தக் கதவைச் சாத்தத்தான் என்பது என் வாசிப்பு.

## எதற்கெல்லாம் ஆம்

நீட்சேயின் எதிர்பார்ப்பு ஆம் என்ற பதில். நேர்ந்தே ஆக வேண்டியதை அழகாகப் பார்க்கக் கற்பது, விதியைக் காதலிப்பது என்று அதே 1882 நூலில் எழுதுகிறார். இதை இன்று 'ஒவ்வொரு நொடியையும் ரசித்து வாழுங்கள்' என்று மக்கில் அச்சடித்து விற்கிறார்கள். ரசித்த நொடிக்கு ஆம் சொல்ல யாருக்கும் தத்துவம் தேவையில்லை.

கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்தவை, ஒன்றை வேண்டும் என்றால் மொத்தச் சங்கிலியும் வரும், அதில்தான் சிக்கல். நீட்சே பாஸலில் பேராசிரியராக இருந்த அதே 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் அரைக் கோடிக்கு மேல் மக்கள் பட்டினியிலும் நோயிலும் செத்தார்கள். நம் தாத்தா பாட்டிகள் வாயில் அது தாது வருஷப் பஞ்சம். தாது என்ற பெயர் 1936இல் திரும்ப வந்தது, 1996இலும் வந்தது, பஞ்சம் கூடவே வரவில்லை. மேலே சொன்ன முதல் வகைச் சுழற்சியின் கருணை அது. மூன்றாவது வகையில் பஞ்சமும் வரும், அதே குழந்தை அதே கஞ்சித்தொட்டி வரிசையில் அதே இடத்தில் சுருண்டு விழும். என் நல்ல நாள் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லும் ஆம், அந்தக் குழந்தை சார்பிலும் சொன்னதாகிவிடுகிறது. அதைச் சொல்ல எனக்கு யார் உரிமை கொடுத்தது? நீட்சேயிடம் இதற்கு நேரான பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அவரும் சுலபமாக விழுங்கவில்லை. ஜரதுஷ்ட்ரா இந்த எண்ணத்தைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தியதும் அருவருப்பில் விழுந்து ஏழு நாள் எழுந்திருக்காமல் கிடக்கிறான். அவனைக் குமட்டவைப்பது அற்ப மனிதனும் என்றென்றும் திரும்ப வருவான் என்பது. சுற்றியிருக்கும் கழுகும் பாம்பும் எல்லாம் போகும், எல்லாம் திரும்ப வரும் என்று இனிமையாகப் பாட, அதற்குள் இதை ஒரு தெருவாத்தியப் பாட்டாக்கிவிட்டீர்களே என்று சிரிக்கிறான். ரீல்ஸ் வருவதற்கு நூற்றி முப்பது வருஷத்துக்கு முன்பே எழுதியாகிவிட்டது.

தன் சொந்த வாழ்க்கையில் அவருக்கு எது தொண்டையில் சிக்கியது என்பதற்கும் எழுத்திலேயே ஆதாரம் இருக்கிறது. 1888இன் கடைசி நாட்களில், மனம் முழுக்கக் குலைவதற்குச் சற்று முன், தன்வரலாற்று நூலில் ஒரு பத்தியை மாற்றி எழுதிப் பதிப்பாளருக்கு அனுப்பினார். நித்திய மீள்நிகழ்வுக்கு எதிராகத் தனக்குள்ள மிக ஆழமான ஆட்சேபம் தன் தாயும் தங்கையும்தான் என்று அதில் இருந்தது. நூல் 1908இல் வந்தபோது அந்தப் பத்தி அதில் இல்லை. ஒரு நண்பர் எடுத்துவைத்திருந்த பிரதியிலிருந்து அது அச்சேற 1969 ஆயிற்று.